கீழ்க்குரலுக்கு ஆறு பேர்

எங்கள் பாட்டுக் குழுவில் ஆண்களுக்குப் பஞ்சம். பெண்கள் பக்கம் நிற்க இடம் இல்லாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். ஆண்கள் பக்கம் காற்று வாங்கும். அதிலும் கீழ்க்குரல் பாடுகிற ஆண்கள் என்றால் கேட்கவே வேண்டாம், மொத்தம் மூன்றே பேர். ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், மூன்றாமவர் என் வீட்டுக்காரர். அவரும் தானாக வந்தவர் இல்லை, நான் இழுத்து வந்தவர்.

பகலில் நான் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். கற்றுத் தரும் காரில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் எந்த நொடியில் என்ன செய்வாரோ என்று அதன்மேல் காலை வைத்துக்கொண்டே என் பிழைப்பு ஓடுகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது இந்தத் தொழிலால்தான் என்று சொல்லிக்கொள்வேன். வீட்டுக்காரர், "கோபம் முன்னாடியே இருந்துச்சு, தொழில் அப்புறம்தான் வந்துச்சு" என்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் குழு கூடும். தரை துடைத்த மருந்து வாசனை இன்னும் போயிருக்காது. சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் முன்னால் நின்று கையசைப்பேன். அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்.

எங்களுடையது நாலு குரல் பாட்டு. பெண்களில் இரண்டு குரல், ஆண்களில் இரண்டு குரல், நாலும் ஒரே நேரத்தில் வேறு வேறு மெட்டில் போகும். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது கீழ்க்குரல். அதைத் தனியாகக் கேட்டால் யாரோ தூக்கத்தில் முனகுவது போல இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் அந்தரத்தில் தொங்கும்.

இத்தனை வருடங்களாக எங்கிருந்தோ வந்த, யாருக்கும் அர்த்தம் தெரியாத வார்த்தைகளைக் கிளிப்பிள்ளை மாதிரி பாடிக்கொண்டிருந்தோம். நம் மொழியிலேயே ஒரு நாலு குரல் பாட்டு இருக்கிறது, எழுதியவர் நாலு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மழையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. மேலே மூன்று குரல்களும் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் பிள்ளை தனியாக, குடையில் ஓட்டை, தெருவிளக்கு எரியவில்லை என்று அடுக்கும். அடியில் கீழ்க்குரல் மட்டும் அசையாமல், "வரும்... வரும்... வராமல் எங்கே போகும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் முறை தாளில் பார்த்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டை ஊர் மண்டபத்தில், எங்கள் ஆண்டுக் கச்சேரியில் பாடியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எழுதியவர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். பற்பசைக்கும் சோப்புக்கும் விளம்பர மெட்டுப் போட்டுப் பிழைக்கிறவர், இந்த மாதிரிப் பாட்டுகளைத் தனக்காக எழுதுகிறார். குழுவில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கறார். அனுமதி கேட்கப் போனபோது இரண்டே நிபந்தனைகள்தான் போட்டார்.

"பயிற்சிக்கு என்ன ரெக்கார்ட் பண்ணாலும் அது உங்க குழுவுக்குள்ளயே இருக்கணும், வெளிய போகக் கூடாது. அப்புறம், கீழ்க்குரலுக்கு ஆறு ஆம்பளைங்க வேணும். மூணு பேரை வெச்சுக்கிட்டு இதைப் பாடினா தூண் இல்லாம மாடி கட்டின மாதிரி இருக்கும்."

"ஆறு என்னங்க, எட்டாவே நிக்க வெச்சுடறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இசைக் குறிப்பு படிக்க வராது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குரலையும் ஒருவர் தனியாகப் பாடிப் பதிவு செய்வார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு இழுக்க வேண்டும் என்பதையும் நடுநடுவே சொல்லிவிடுவார். மற்றவர்கள் பேருந்திலும் அடுப்படியிலும் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். கீழ்க்குரலைப் பதிவு செய்யும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. குழுவில் அவருக்குப் பெயரே லிஃப்ட்தான். பராமரிப்புக்காக நிறுத்தி வைத்த ஒரு லிஃப்டின் அடிக்குழியில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே பன்னிரண்டு மாடி வெற்றிடம் இருக்க, அவர் அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். வீட்டில் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். கூடவே குடியிருக்கும் மனிதரின் குரல்தான், ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலையடியிலிருந்து யாரோ ஆறுதல் சொல்வது போல இருந்தது. "வரும்... வரும்... வராமல் எங்கே போகும்." அப்புறம், கீழ்க்குரல் பாடாமல் காத்திருக்க வேண்டிய இடத்தில், ஆபீஸ் குரலில், "ரெண்டு. மூணு. மூச்சு!"

அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. கெடுத்தது என் நச்சரிப்பு. ஆள் சேரவில்லை என்று ஒவ்வொரு செவ்வாயும் அவரைக் குடைந்தேன். "உங்க கம்பெனியில தொண்டை இருக்கிற ஆம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டேன். மனிதர் பாவம், ரோஷப்பட்டு ஒரு காரியம் செய்தார்.

அது எனக்குத் தெரிய வந்தது காரில். கற்றுக்கொள்ள வந்திருந்த பெண் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு, ஸ்டியரிங்கைத் தட்டியபடி, "வரும்... வரும்..." என்று முனகினாள். பச்சை விழுந்தது. வண்டி கிளம்பவில்லை. நான் பிரேக்கை மிதித்திருந்தேன்.

"இதை எங்கம்மா கேட்ட?"

"எல்லாரும் கேக்கறாங்களே மேடம், நீங்க பாக்கலையா?"

ஓரம் கட்டச் சொல்லி அவளுடைய போனை வாங்கிப் பார்த்தேன். லிஃப்டுக்காக நாலு பேர் அண்ணாந்து எண்பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னணியில் என் வீட்டுக்காரர் குரல். அதற்கு அடுத்ததில் ஆஸ்பத்திரி வரிசை, அதிலும் அவர் குரல். பால் புட்டிக்காக வாயைப் பிளந்து காத்திருக்கும் குழந்தை. பரீட்சை முடிவுக்காக நகம் கடிக்கும் பிள்ளைகள். வழுக்கைத் தலையில் தைலம் தடவிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கும் ஒருவர், "வரும்... வரும்... வராமல் எங்கே போகும்." அதைப் பார்த்து நான் சிரித்தேன், அப்புறம்தான் அழுகை வந்தது. "ரெண்டு, மூணு, மூச்சு" என்பதைக்கூடப் பாட்டின் வரி என்று நினைத்து எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனபோது அவர் கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம குரூப்லதான் போட்டேன்" என்றார்.

"எந்த நம்ம குரூப்?"

"எங்க மெக்கானிக்குங்க குரூப். இப்படிப் பாட ஆள் வேணும், வர்றீங்களான்னு கேட்டுப் போட்டேன். ஒருத்தனும் வரல. எவனோ ஒருத்தன் வீடியோல சேர்த்து வெளிய விட்டுட்டான்."

"உங்க லிஃப்ட் குரூப் எப்போங்க நம்ம குரூப் ஆச்சு?"

அவர் குழாயை மூட மறந்து நின்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு அறையில் கல்யாண வீடு மாதிரி ஒரே கலகலப்பு. பேக்கரி நடத்தும் அக்கா தங்கை இருவரும் என் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டு, "நம்ம குழு எங்கயோ போயிடுச்சு அண்ணே!" என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஊரே முணுமுணுக்கும் குரல் என் வீட்டு அடுப்படியில் டீ போடுகிற குரல் என்றால் யாருக்குத்தான் இருக்காது? அந்தக் கலகலப்பைப் போட்டு உடைத்தது எங்கள் வக்கீல் அக்கா. வீடு வாங்க விற்கப் பத்திரம் பார்க்கிறவர், குழுவில் மேல்குரல்.

"சிரிச்சது போதும். பாட்டு எழுதினது யாரு? அதைக் காப்பி எடுக்கலாமா, யாருக்குக் குடுக்கலாம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு மட்டும்தான் இருக்கு. நம்மள நம்பிக் குடுத்தாங்க. வெளிய போயிடுச்சு."

"நான் காசு எதுவும் வாங்கலையே" என்றார் வீட்டுக்காரர்.

"வாங்கலன்னா தப்போட சைஸ் குறையும். தப்பு இல்லாம போயிடாது. அவங்க கேஸ் போடணும்னு நினைச்சா போடலாம். உங்க மேல போடலாம், குழு மேல போடலாம்."

"அந்த வீடியோ போட்டவன்?"

"அவன் மேலயும் போடலாம். அதை எடுத்துப் போட்ட அத்தனை பேர் மேலயும் போடலாம். ஆனா கதவை முதல்ல திறந்து விட்டது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

கீழ்க்குரலில் இன்னொருவரான மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "குரலை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்ன? எங்கயும் பேர் இல்ல. யாருக்குத் தெரியப் போகுது? பேசாம இருந்துடலாம்."

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. எட்டு மாதம் பாடுபட்ட பாட்டு கை நழுவிப் போவதை நினைக்கையில் அவர் சொன்னது எனக்கு இனித்தது. என் வீட்டுக்காரர்தான் எழுந்தார்.

"எனக்குத் தெரியுமே" என்றார். "நாளைக்கே போய் சொல்லிடறேன்."

கறார் குடியிருப்பது ஒரு சாவிக் கடைக்கு மேலே, முதல் மாடியில். படியேறும்போது கீழே கடைக்காரர் சாவியை ராவிக்கொண்டே, "வரும்... வரும்..." என்று பாடுவது காதில் விழுந்தது. மேலே அறையில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அதன் அடியில் கீபோர்டு. கறார் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"எப்ப வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார். "பத்து நாளா கீழ இருக்கிறவர் இதைத்தான் பாடறார். மூணு வருஷமா அவர் தலைக்கு மேல குடியிருக்கேன். இது என் பாட்டுன்னு அவருக்குத் தெரியாது. என் பாட்டு ஊரெல்லாம் சுத்துது, என் பேரு மட்டும் வீட்டிலயே உக்காந்திருக்கு."

அவர் கொடியில் தொங்கிய துணியை ஒதுக்கித் தள்ளினார்.

"அதுவும் எது? நாலு குரல்ல ஒண்ணைப் பிச்சு எடுத்துட்டாங்க. அஸ்திவாரத்தை மட்டும் பாத்துட்டு வீடு பிரமாதம்னு சொல்றாங்க. மேல நான் கட்டினது எதையும் யாரும் பாக்கல. அந்தப் பொண்ணு மழையில நிக்கறதே யாருக்கும் தெரியாது. எல்லாம் ஜோக்காப் போச்சு."

கண் கலங்கியதை மறைக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது வரை அவரைக் கறார் என்று கிண்டல் செய்த என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நல்ல பொருள்னு நாலு பேருக்குக் குடுத்தேங்க. ஆனா அது என்னோடது இல்ல. உங்களைக் கேக்காம குடுத்தது தப்பு. நான் திரும்பப் பொறுக்கிடறேன்."

"ஊர் பூரா சிந்தினதை எப்படிப் பொறுக்குவீங்க?"

"ஒண்ணொண்ணா."

கறார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கேஸ் போடறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. கச்சேரி பத்தி இப்போ பேசாதீங்க. அனுமதியை நிறுத்தி வெக்கறேன்."

படியிறங்கும்போது நான் பொரிந்து தள்ளினேன். பாட்டு போச்சு, கச்சேரி போச்சு, குழுவின் மானமும் கப்பலேறிப் போச்சு என்றேன். அவர் கீழே வந்ததும் சாவிக் கடைக்காரரிடம் நேராகப் போனார்.

"அண்ணே, நீங்க பாடற பாட்டை எழுதினவங்க உங்க மாடியிலதான் இருக்காங்க" என்றார்.

கடைக்காரர் சாவியைக் கீழே வைத்தார். முதல் ஒன்றைப் பொறுக்கியாகிவிட்டது.

அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டு வேளையெல்லாம் அவருக்கு அதே வேலை. எந்தக் கட்டடத்தில் வேலையோ அதன் மொட்டை மாடி இயந்திர அறையில், பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் குரலைப் போட்டிருந்த ஒவ்வொருவருக்கும் எழுதுவார். "வணக்கம். இந்தக் குரல் என்னுடையது. பாட்டு என்னுடையது இல்லை. எழுதியவரைக் கேட்காமல் நான் வெளியே விட்டுவிட்டேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவர் பெயர் இது." ஒரே செய்தியை வெட்டி ஒட்டினால் ஆகாதா என்று கேட்டேன். "நான் யோசிக்காம ஒரே தட்டுல அனுப்பினதாலதான் இவ்வளவும் ஆச்சு" என்றார்.

சிலர் உடனே எடுத்தார்கள். சிலர், நீ யாருய்யா எனக்குச் சொல்ல என்று எகிறினார்கள். இன்னும் சிலருக்கு நம்பிக்கை வரவில்லை. நீதான் அந்தக் குரல் என்றால் ஒரு வரி பாடி அனுப்பு என்று கேட்டார்கள். "அதுக்கு எனக்கு அனுமதி இல்லீங்க" என்று இவர் குரலிலேயே பதில் அனுப்புவார். அந்த ஒரு வாக்கியம் அடிக்குழியிலிருந்து வருவது போல வந்ததும் மறுபேச்சு இருக்காது.

ஆனால் வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அப்படியானால் மீதிப் பாட்டு எங்கே? மேலே மூன்று குரல் இருக்கிறது என்கிறீர்களே, அதை எங்கே கேட்கலாம்? மழையில் நிற்கிற பெண்ணுக்குப் பேருந்து வந்ததா இல்லையா? இந்தக் கேள்விகளையெல்லாம் அவர் கறாருக்கு அனுப்பி வைத்தார். பதில் வராது. மறுநாளும் அனுப்புவார்.

ஒருநாள் மாணவி ஒருத்தி வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு குப்பைத் தொட்டியோடு போராடிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டு இருக்கார் தெரியுமா?" கறாரின் குரலில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "என் பேரைத் தேடிக்கிட்டு யார் யாரோ வர்றாங்க. என் பழைய பாட்டையெல்லாம் கேக்கறாங்க. சாவிக் கடைக்காரர் படியேறி வந்து, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளாம்மான்னு கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

"கச்சேரிக்கு வரச் சொல்லுங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

போனில் கீபோர்டின் ஒரு சுரம் கேட்டது. "சரி. கேஸ் எல்லாம் வேண்டாம். பாடுங்க. ஆனா ஆறுன்னா ஆறுதான். அதுல மாத்தம் இல்ல."

நான் போனை வைத்துவிட்டுக் கைதட்டினேன். குப்பைத் தொட்டியை இடித்ததற்காகக் கைதட்டுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

மெக்கானிக்குகள் இரண்டு பேர் கடைசியில் மனம் இரங்கிக் குழுவில் சேர்ந்தார்கள். ஐந்து ஆயிற்று. ஆறாவது ஆளுக்காக நான் நாயாய் அலைந்தேன். என்னிடம் பாடம் படிக்கும் ஆண்களையெல்லாம் கியர் மாற்றும்போது ஸ்வரம் பாடச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் குரல் இறங்கவில்லை. கச்சேரி நாள் வந்தது. இருந்த ஐவரில் பேருந்து ஓட்டுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஊர் மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். எங்கள் கச்சேரிக்கு வழக்கமாக வருவது எங்கள் சொந்தபந்தம் மட்டும்தான், அதிலும் பாதி வற்புறுத்தலுக்கு வந்தது. அன்றைக்கு உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மீதிப் பாட்டைக் கேட்க வந்தவர்கள். முன்வரிசையில் கறார், பக்கத்தில் சாவிக் கடைக்காரர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு.

மருந்துக்கடைக்காரர் என் காதோரம் வந்தார். "டீச்சர், தொண்டை கட்டினவரையும் வரிசையில நிக்க வெச்சுடுவோம். வெளிய நிக்கிற கார் டிரைவர் ஒருத்தரையும் கூப்பிட்டு நிறுத்திடலாம். வாயை மட்டும் அசைக்கட்டும். ஆறு வந்துடும்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு ஊசலாடியது. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடையை விட்டு இறங்கி நேராகக் கறாரிடம் போனேன்.

"நாலு பேர்தான் இருக்காங்க" என்றேன். "ஆறுன்னு ஒத்துக்கிட்டேன், முடியல. பாட்டு உங்களோடது. பாடட்டுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க."

கறார் மேடையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "மத்த பாட்டெல்லாம் முதல்ல பாடுங்க. அந்த நாலு பேர் தாங்கறாங்களான்னு கேக்கறேன். என் பாட்டைக் கடைசியா வைங்க. தலையாட்டினா பாடுங்க. ஆட்டலன்னா கும்பிட்டுட்டு இறங்கிடுங்க."

மற்ற பாட்டுகளைப் பாடினோம். நாலு பேரும் உயிரைக் கொடுத்துத்தான் பாடினார்கள். ஆனால் அவ்வளவு பெரிய மண்டபத்தில், அத்தனை பெண் குரல்களுக்கு அடியில், அது கேட்டும் கேட்காமலும் கரைந்துபோனது. எனக்கே தெரிந்தது. கடைசிப் பாட்டுக்குமுன் நான் கையைத் தொங்கவிட்டு முன்வரிசையைப் பார்த்தேன்.

கறார் தலையாட்டவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். அவருக்கும் எளிதாக இல்லை என்பது தெரிந்தது. நான் காத்திருந்தேன். குழுவும் காத்திருந்தது. மண்டபம் முழுக்க அசையாமல் காத்திருந்தது. யாரோ இருமினார்கள், நாற்காலி ஒன்று முனகியது. கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான் என்று கையைக் கூப்பப் போனேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண்மணி, காத்திருக்கிற நேரத்தில் இப்போதெல்லாம் ஊரே செய்கிற மாதிரி, அடித் தொண்டையில் ஆரம்பித்தார்.

"வரும்... வரும்..."

குப்பென்று சிரிப்பு. எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. கச்சேரி மண்டபமா, பேருந்து நிறுத்தமா? யாரது என்று அதட்டத் திரும்பினேன். அதற்குள் சுவரோரம் நின்ற ஆண்கள் சேர்ந்துகொண்டுவிட்டார்கள். "வராமல் எங்கே போகும்." நடு வரிசைகள் சேர்ந்தன. சிரிப்பு அடங்கிப் பாட்டு மட்டும் நின்றது. அவரவர் அண்ணாந்து லிஃப்டைப் பார்த்தபோதும், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதும் கேட்டுக் கேட்டு ஊறிய மெட்டு. ஒரு இழை பிசகவில்லை. "ரெண்டு. மூணு. மூச்சு!" என்று மண்டபமே சொல்லி, மண்டபமே மூச்சை உள்ளே இழுத்தது. அத்தனை பேர் ஒன்றாக மூச்சு இழுக்கிற சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கறார் நாற்காலியில் அப்படியே திரும்பி உட்கார்ந்து அவர்களைப் பார்த்தார். பக்கத்தில் சாவிக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். கறார் என் பக்கம் திரும்பினார். தலையாட்டினார். ஒரு தடவை இல்லை, ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வாழ்நாள் முழுவதும் பிரேக்கில் கிடந்த என் கால் அன்றைக்குத்தான் எடுபட்டது. ஒரு கையைக் கூட்டத்தின் பக்கமும் ஒரு கையைக் குழுவின் பக்கமும் நீட்டினேன். அடியில் மண்டபமே கீழ்க்குரலாகக் கிடக்க, அதன்மேல் வக்கீல் அக்காவும் பேக்கரிச் சகோதரிகளும் மற்ற எல்லோரும் அந்தப் பெண்ணை மழையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீட்டில் பிள்ளை தனியாக. குடையில் ஓட்டை. தெருவிளக்கு எரியவில்லை. தாங்கள் இத்தனை நாள் யாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது கூட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பாடிக்கொண்டே பலர் கண்ணைத் துடைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரியில் தூரத்தில் பேருந்தின் விளக்கு தெரியும். அந்த இடத்தில் நாலு குரலும் ஒன்றாக, ஒரே மெட்டில், "வந்தது" என்று முடியும். எங்கள் குழு "வந்தது" என்று பாடி முடித்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, அதன் பின்னாலேயே கைதட்டல். கூரை பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கும்பிட்டேன். கறாரைக் கைகாட்டி எழுப்பினேன். அவர் பெயரைச் சொன்னேன். கூட்டமும் அந்தப் பெயரைச் சொன்னது.

மேடைக்குப் பின்னால் அவர் வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

"இன்னைக்கு மண்டபத்துக்காரங்க பதிவு பண்ணினதை நானே வெளிய போடப் போறேன்" என்றார். "முழுப் பாட்டையும், என் பேரோட, உங்க எல்லார் பேரோட. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பேரை மட்டும் விட்டுடாதீங்கன்னு எழுதியே போடறேன்."

"அந்த ரெண்டு, மூணு, மூச்சு?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "எடிட் பண்ணி எடுத்துடலாமா?"

"கையை வெச்சீங்கன்னா கேஸ் போடுவேன்" என்றார் கறார். வக்கீல் அக்கா சிரித்த சிரிப்பு வெளியே தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் கறார் என் வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றார். அவர் வழக்கம் போலக் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். கறார் முகத்தைக் கறாராகவே வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை, உதடு துடித்தது.

"நான் ஆறு பேர்தான் கேட்டேன்" என்றார்.

"மன்னிச்சிடுங்க" என்றார் என் வீட்டுக்காரர், அந்த அடிக்குழிக் குரலில். "கொஞ்சம் அதிகமா வந்துட்டாங்க."